சைபர்டிரக்குக்கு மட்டும்தான் துணிச்சலா? மின்சார பிக்கப்புகளின் கோணல் வடிவங்கள்

2025 ஏப்ரல் 5

டல்லாஸ் தம்பி ஒருவரின் கேள்வி: "எல்லா கம்பெனியும் பழைய டிரக்குக்குள் பேட்டரியைத் திணித்து மின்சார வண்டி என்று விற்கிறது. டெஸ்லா மட்டும்தான் துணிந்து சைபர்டிரக் என்று புதுசா ஒன்று செய்தது. போர்டின் மின்சார பிக்கப் லைட்னிங்கை வைத்திருக்கிற நீங்கள் சைபர்டிரக்கைக் கிண்டல் பண்ணலாமா?"

பண்ணலாம். அடுத்தவர் வண்டியைக் கிண்டல் பண்ண லைசென்ஸ் வேண்டியதில்லை.

ஆனால் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது, அதனால் ஒழுங்காகவே பதில் சொல்கிறேன். 2019 நவம்பர் 21 அன்று லாஸ் ஏஞ்சலீஸ் பக்கத்தில் ஹாத்தார்னில் சைபர்டிரக்கை மேடையேற்றினார்களே, "உடையாத" கண்ணாடி மேல் இரும்பு குண்டை எறிந்து இரண்டு கண்ணாடியும் விரிசல் விட்டதே, அந்த ராத்திரியிலிருந்து எல்லோரும் அந்த முக்கோண வடிவத்தை ஒரு ஓவியரின் துணிச்சலாகவே பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. முதலில் முடிவானது தகடு. அந்தக் கடினமான எவர்சில்வர் தகட்டை மற்ற கார் பாகங்கள் மாதிரி பிரஸ்ஸில் வைத்து அழுத்த முடியாது, பிரஸ்தான் உடையும் என்று டெஸ்லா தலைவர் எலான் மஸ்க்கே அந்த வாரம் சொன்னார். அழுத்த முடியாவிட்டால் வளைவு கிடையாது. வளைவு இல்லாவிட்டால் தட்டைத் தட்டையாக மடிக்க வேண்டியதுதான். அதாவது அந்த முக்கோணம் தகடு போட்ட நிபந்தனை. டிசைனர் அதற்குக் கையெழுத்துப் போட்டார்.

இதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. ஐரோப்பாவில் இதை ஏன் விற்கவில்லை என்று கேட்டபோது டெஸ்லா பொறியியல் தலைவர் லார்ஸ் மொராவி சொன்ன பதில்: அங்கே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்புகளுக்குக் குறைந்தது 3.2 மில்லிமீட்டர் ஆரம் வேண்டும், 1.4 மில்லிமீட்டர் எவர்சில்வர் தகட்டில் அது வராது. தகட்டைத் தேர்ந்தெடுத்த அன்றே ஒரு கண்டத்தின் சந்தையும் போய்விட்டது.

ஏப்ரல் 6

"சரி, காரணம் எதுவாக இருந்தால் என்ன, வண்டி வேலை செய்கிறதா இல்லையா?" என்கிறார் தம்பி. நல்ல கேள்வி. பிக்கப்பை நான் அளக்கிற அளவுகோல் ஒன்றே ஒன்று: பக்கவாட்டில் நின்று பின்பெட்டிக்குள் கை விட முடியுமா?

போன மாதம் நண்பர் வீட்டுத் தோட்டத்துக்கு மண் மூட்டை ஏற்றப் போனோம். அவர் சைபர்டிரக், நான் லைட்னிங். என் வண்டியில் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று, மூட்டையின் காதைப் பிடித்து, விளிம்பு மேல் ஒரு உருட்டு உருட்டினால் உள்ளே விழும். அவர் வண்டியில் பக்கச்சுவர் கேபினை நோக்கிச் சாய்வாக ஏறிக்கொண்டே போகிறது. கேபினை ஒட்டிக் கிடக்கிற பொருளைப் பக்கத்திலிருந்து எடுக்க எந்த மனிதனுக்கும் கை எட்டாது. பின்கதவைத் திறந்து, உள்ளே ஏறி, குனிந்து நடந்து போய் இழுத்துக்கொண்டு வர வேண்டும். நண்பர் ஆறடிக்காரர், அவருக்கும் அதே கதி.

அந்தச் சாய்வுச் சுவர் வந்தது கூரைக்கோடு பின்னால் ஒரே நேராக இறங்க வேண்டும் என்பதால். கூரைக்கோடு நேராக வந்தது தகட்டால், கொஞ்சம் காற்றுத்தடையாலும். சங்கிலி புரிகிறதா? மூட்டை தூக்குகிற ஆளை அந்தச் சங்கிலியில் யாரும் எந்த இடத்திலும் கேட்கவில்லை.

அதே வண்டியின் மூடியைப் பாராட்டாமல் இருக்க முடியாது. பட்டனைத் தட்டினால் சுருள்கதவு மாதிரி ஓடி வந்து ஆறடிப் பெட்டியை முழுசாக மூடிப் பூட்டிக்கொள்கிறது. மேலே ஆள் நிற்கலாம். என் வண்டியில் இது கிடையாது. வெளியில் ஒன்று வாங்கி மாட்டினேன், அது தார்ப்பாயைவிட ஒரு படி மேல், அவ்வளவுதான்.

ஏப்ரல் 6, இரவு

வைப்பர் பற்றிக் கேட்ட ஆஸ்டின் அக்காவுக்கு: ஆமாம், ஒன்றே ஒன்றுதான், கிட்டத்தட்ட நாலடி நீளம். அவ்வளவு பெரிய, அவ்வளவு சாய்ந்த கண்ணாடிக்கு ஒற்றைக் கை. 2024 ஜூனில் அதன் மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலர் அதிக மின்னோட்டத்தால் செயலிழக்கலாம் என்று 11,688 வண்டிகளை ரீகால் செய்தார்கள், அதாவது சரிசெய்து தருவதற்குத் திரும்ப அழைத்தார்கள். அந்த ஒற்றைக் கை நின்றுவிட்டால் ரோடே தெரியாது. ஹூஸ்டன் மழையில் ஓட்டினவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

ஏப்ரல் 8

"ரீகாலை வைத்து டிசைனைக் குறை சொல்லாதீர்கள், எல்லா வண்டிக்கும் ரீகால் உண்டு" என்று ஒருவர் கோபித்திருக்கிறார். உண்மைதான். ஆக்சிலேட்டர் பெடலின் மேல்தகடு நழுவிய விஷயம் (2024 ஏப்ரல், 3,878 வண்டி, மாட்டும்போது வழுக்கலுக்காகச் சோப்புத் தண்ணி போட்டிருக்கிறார்கள்) எந்த வண்டியிலும் நடக்கக்கூடிய அசட்டைதான். அதை வடிவத்தின் தலையில் கட்ட மாட்டேன்.

ஆனால் போன மாத ரீகால் அப்படியில்லை. கூரை ஓரத்தில் இருக்கும் எவர்சில்வர் பட்டை ஓடும்போது கழன்று விழலாம் என்று 46,096 வண்டிகள். விற்ற வண்டிகளில் ஏறக்குறைய எல்லாமே. பட்டையைப் பிடித்து வைத்திருந்தது பசை. பெயின்ட் அடிக்கிற வண்டியில் வெல்டிங் தழும்பைப் பூசி மறைத்துவிடலாம். பெயின்டே இல்லாத வண்டியில் வெல்டிங் வைத்தால் அப்படியே பல்லிளிக்கும். அதனால்தான் பசைக்குப் போகத் தோன்றுகிறது என்பது என் கணிப்பு. இப்போது வேறு பசை போட்டு, கூடவே போல்ட் மாதிரி ஒன்றையும் வைத்து முறுக்குகிறார்களாம். ஆறு வருஷம் யோசித்து கடைசியில் நட்டுக்கே வந்து சேர்ந்தாயிற்று.

பெயின்ட் இல்லாத எவர்சில்வர் காரும் புதுசில்லை. 1981-ல் டெலோரியன் அதைத்தான் செய்தது. அதில் கீறல் விழுந்தால் தகட்டின் ரேகை போகிற திசையிலேயே தேய்த்துச் சரிசெய்வார்கள். ஒடுக்கு விழுந்தால்தான் சிக்கல். சாதாரணக் காரில் தட்டி நிமிர்த்தி, பட்டி வைத்து, பெயின்ட் அடித்து மூடிவிடலாம். இதில் பட்டியை மறைக்கப் பெயின்ட் ஏது? டிங்கரிங் தெரிந்த யாரிடமாவது கேட்டுப் பாருங்கள்.

ஏப்ரல் 12

நாலு நாளாகத் திட்டிக்கொண்டே இருக்கிறேன், மறுபக்கத்தையும் எழுதிவிடுகிறேன்.

சைபர்டிரக்கில் நிஜமான துணிச்சல் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. முதலில் 48 வோல்ட். 1950-களிலிருந்து கார்களில் விளக்கு, வைப்பர், கண்ணாடி எல்லாம் 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. அதே வாட்டை 48 வோல்ட்டில் அனுப்பினால் மின்னோட்டம் கால் பங்கு போதும், வயர் மெலியும், செம்பு மிச்சமாகும். எல்லோருக்கும் தெரிந்த பௌதிகம்தான். பாகங்கள் செய்கிற சப்ளையர்கள் மாற மாட்டேன் என்பதால் யாரும் தொடவில்லை. இவர்கள் தொட்டார்கள். 2023 டிசம்பரில் எப்படிச் செய்வது என்ற ஆவணத்தை மற்ற கம்பெனிகளுக்கே அனுப்பிவைத்தார்கள், வந்து சேர்ந்தது என்று போர்டு தலைமை நிர்வாகி ஜிம் பார்லியே சொன்னார்.

இரண்டாவது, ஸ்டியரிங். வட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இரும்புத்தண்டு கிடையாது, எல்லாம் வயர் வழி. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு முழுச்சுற்றுகூட வராது. பின்சக்கரமும் திரும்புகிறது. நண்பர் வண்டியை ஒரு பார்க்கிங்கில் ஓட்டிப் பார்த்தேன். முதல் திருப்பத்தில் எக்கச்சக்கமாகத் திருப்பிவிட்டு நண்பரின் முகத்தைப் பார்த்தேன். அவர் மேலே உள்ள கைப்பிடியைத் தேடிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் கை பழகியது. அத்தனை பெரிய வண்டியை ஒரு சின்ன காரின் இடத்தில் திருப்பியபோது, என் லைட்னிங்கை அதே மாதிரி இடத்தில் முன்னும் பின்னுமாக மல்லுக்கட்டியது நினைவுக்கு வந்தது.

ஆக இந்த இரண்டையும் சாதாரண வடிவமுள்ள டிரக்குக்குள் வைத்திருந்தால்? தம்பி, இதற்கு நீங்கள் பதில் சொல்லுங்கள்.

இன்னொன்று: இந்த வாரம் ஒற்றை மோட்டார் மாடல் ஒன்று விட்டிருக்கிறார்கள், 69,990 டாலர். நான் பாராட்டிய அந்த மின்சார மூடி அதில் இல்லை. பெட்டியில் பிளக் பாயிண்டும் இல்லை. முக்கோணம் மட்டும் பத்திரமாக இருக்கிறது. எதை எடுத்தால் விலை குறையும் என்று உட்கார்ந்து யோசித்து, சரியாக உபயோகமானதை எடுத்திருக்கிறார்கள். 2019-ல் சொன்ன ஆரம்ப விலை 39,900 என்பதையும் சேர்த்துப் படிக்கவும்.

ஏப்ரல் 13

தம்பி பதில் சொல்லவில்லை, திருப்பி அடித்திருக்கிறார்: "உங்கள் லைட்னிங்கின் மூக்கு ஏன் அவ்வளவு உயரம்? உள்ளேதான் என்ஜினே இல்லையே!"

சரியான இடத்தில் அடித்தார். இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி இதுதான்.

லைட்னிங்கின் கேபினும் பெட்டியும் பெட்ரோல் எஃப்-150-இன் வார்ப்புதான். எஃப் வரிசைதான் 1977-லிருந்து அமெரிக்காவில் அதிகம் விற்கும் பிக்கப். அதை வாங்குகிற கான்டிராக்டர், ஏணி மாட்டும் கம்பி முதல் பெட்டியின் பிளாஸ்டிக் விரிப்பு வரை ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறார். அது அப்படியே பொருந்த வேண்டும், அவர் மிரளக் கூடாது. எனவே என்ஜின் இருந்த குழியை மூடியோடு அப்படியே விட்டார்கள். 400 லிட்டர், 180 கிலோ தாங்கும் முன் டிக்கி கிடைத்தது. காய்கறி வாங்கப் போகிறவனுக்கு இதைவிட வசதி கிடையாது, ஒத்துக்கொள்கிறேன்.

அதற்கு ரோட்டில் நடக்கிறவர் விலை கொடுக்கிறார். ஐஐஎச்எஸ் என்கிற காப்பீட்டுத் துறையின் சாலைப் பாதுகாப்பு நிறுவனம் 2023 நவம்பரில் வெளியிட்ட ஆய்வில், பானெட்டின் முன்விளிம்பு 40 அங்குலத்துக்கு மேல் உள்ள வண்டிகள் மோதினால், 30 அங்குலமோ அதற்குக் கீழோ உள்ள சாய்ந்த மூக்கு வண்டிகளைவிட நடப்பவர் சாகிற வாய்ப்பு ஏறக்குறைய 45 சதவீதம் அதிகம். 40 அங்குலம் என்பது ஒரு மீட்டர். எங்கள் தெருவில் சைக்கிள் பழகுகிற பிள்ளைகளின் தலை அதைவிடக் கொஞ்சம்தான் மேலே இருக்கும்.

என்ஜினே இல்லாத வண்டிக்கு என்ஜின் அளவுக்கு மூக்கு. கோணல் டிசைன் என்று சைபர்டிரக்கைக் காட்டுகிறோமே, இதுவும் கோணல்தான். எல்லோரும் செய்வதால் கண்ணை உறுத்தவில்லை.

ஏப்ரல் 13, பின்னிரவு

அப்படியானால் லைட்னிங்கை ஏன் வாங்கினாய் என்று வீட்டிலேயே கேட்கிறார்கள்.

பிளக் பாயிண்டுக்காக. 2024 ஜூலை 8 அன்று பெரில் புயல் வந்தபோது ஹூஸ்டன் வட்டாரத்தில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் கரண்ட் போனது. வண்டியைக் கராஜ் வாசலில் திருப்பி நிறுத்தி, பின்பெட்டியிலிருந்து ஒரு ஆரஞ்சு எக்ஸ்டென்ஷன் வயரை ஃப்ரிட்ஜுக்கும் இன்னொன்றைப் பக்கத்து வீட்டுப் பாட்டியின் ஆக்சிஜன் மெஷினுக்கும் இழுத்தோம். 9.6 கிலோவாட் வரை கொடுக்கும். நாங்கள் கேட்டது அதில் ஒரு மூலை. ஜெனரேட்டர் சத்தம் இல்லை, பெட்ரோல் வரிசை இல்லை. இட்லி மாவு புளிக்காமல் தப்பித்தது.

மின்சார டிரக்கில் வந்த பெரிய மாற்றம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். போட்டோவில் தெரியாது.

ஏப்ரல் 20

சியாட்டில் அண்ணன், "ரிவியன் கம்பெனியின் மின்சார பிக்கப்பை விட்டுவிட்டீர்களே" என்கிறார். விடவில்லை, வரிசையில் நிற்கிறது.

2021 செப்டம்பரில் விற்பனைக்கு வந்த அவர்களுடைய ஆர்1டி-யில் எல்லோரும் பேசுவது அந்த நீள்முட்டை விளக்கு. எனக்குப் பிடித்தது கேபினுக்கும் பெட்டிக்கும் நடுவில், பின்சீட்டுக்கு அடியில், வண்டியின் குறுக்கே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை போகிற சுரங்கம். பெட்ரோல் வண்டியில் சைலன்சர் குழாயும் பின்சக்கரத்துக்குப் போகும் தண்டும் ஓடுகிற இடம் அது. அவை போனதும் அங்கே ஓட்டை கிடைத்தது, ஓட்டையில் கதவு வைத்தார்கள். கதவு கீழே மடிந்தால் உட்கார்ந்து ஷூ கழற்றலாம். என்ஜின் போனதால் என்ன கிடைத்தது என்று கேட்டு, கிடைத்ததை உபயோகப்படுத்தியிருக்கிறார்கள். போர்டுக்கு முன்டிக்கி, இவர்களுக்குச் சுரங்கம்.

ஆனால் பெட்டி நாலரை அடிதான். ஒட்டுப்பலகை எட்டடி. அண்ணன் கூடாரமும் மீன்பிடி தூண்டிலும் ஏற்றுகிறவர், அவருக்குப் போதும். ஏசிக் காற்றைத் திருப்புவதற்குக்கூடத் திரையைத் தொட வேண்டும் என்பதை மட்டும் எந்த நியாயம் சொன்னாலும் ஏற்க மாட்டேன்.

ஏப்ரல் 27

ஸ்லேட்! நாலு பேர் லிங்க் அனுப்பிவிட்டீர்கள், பார்த்துவிட்டேன்.

தெரியாதவர்களுக்கு: ஸ்லேட் ஒரு புது கம்பெனி, அவர்களுடைய மலிவு மின்சார பிக்கப்பை மூன்று நாள் முன்பு கலிபோர்னியாவில் காட்டினார்கள். அமேசான் நிறுவனர் ஜெப் பெசோஸ் பணம் இருக்கிறது. இரண்டு சீட். ரேடியோ இல்லை, திரை இல்லை, ஸ்பீக்கர் இல்லை. போனை மாட்ட ஒரு தாங்கி. கண்ணாடியைக் கையால் சுற்ற வேண்டும். பெயின்டே கிடையாது: உடம்பு சாம்பல் நிற பிளாஸ்டிக், கலர் வேண்டுமென்றால் ஸ்டிக்கர் வாங்கி நீங்களே ஒட்டிக்கொள்ளுங்கள். சின்ன பேட்டரி 52.7 கிலோவாட் மணி, 150 மைல். மின்சார வண்டிக்கு அமெரிக்க அரசு தரும் வரிச்சலுகை 7,500 டாலரைக் கழித்தால் 20,000-க்குள் விலை.

பெயின்ட் இல்லை என்பதைக் கஞ்சத்தனம் என்று சிரிக்கிறார்கள். கார் தொழிற்சாலையில் மிகச் செலவான, மிகச் சிக்கலான பகுதிகளில் ஒன்று பெயின்ட் கூடம். அதுவும் தகடு அழுத்தும் பிரஸ் கூடமும் வேண்டாமென்றால், இண்டியானாவில் ஒரு பழைய அச்சகக் கட்டிடத்துக்குள்ளேயே தொழிற்சாலையை அமைக்கலாம். அதைத்தான் செய்யப் போகிறார்கள். டெஸ்லாவும் பெயின்டைத் தவிர்த்தது, இவர்களும் தவிர்த்தார்கள். அங்கே பெயின்ட் இல்லாததால் தகட்டை மிகத் துல்லியமாகப் பொருத்த வேண்டியிருந்தது. இங்கே கீறல் விழுந்தால் பிளாஸ்டிக்கின் அடியிலும் அதே சாம்பல்தான்.

ஊரில் குட்டி யானை ஓட்டுகிற எங்கள் மாமாவுக்குப் படம் அனுப்பினேன். "இதுல என்ன புதுசு மாப்ள, நம்ம வண்டிதானே, தொட்டி கொஞ்சம் சின்னது" என்றார்.

1,000 பவுண்டுதான் இழுக்கும் என்று குறை சொல்கிறவர்களுக்கு: சந்தில் நிற்கிற எத்தனை டிரக்குகள் பின்னால் ஏதாவது இழுத்து நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்?

மே 4

எடை. இதை யாருமே எடுக்கவில்லை.

ஜிஎம்சி ஹம்மர் இவி என்கிற மின்சார பிக்கப் 9,000 பவுண்டுக்கு மேல். 2023 ஜனவரியில் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் தலைவர் ஜெனிபர் ஹோமண்டி இந்த வண்டியின் பெயரைச் சொல்லியே கவலைப்பட்டார். லைட்னிங்கும் பெட்ரோல் எஃப்-150-ஐவிட 2,000 முதல் 3,000 பவுண்டு அதிகம் என்றார், அதனால் எனக்கும் குட்டு விழுந்தது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் 7,000 பவுண்டுக்கு மேல் எடையுள்ள ஆர்1டி-யை நெடுஞ்சாலை இரும்புத் தடுப்பில் 60 மைல் வேகத்தில் மோதவிட்டார்கள். தடுப்பைக் கிழித்துக்கொண்டு வேகம் பெரிதாகக் குறையாமலே போய்விட்டது. அந்தத் தடுப்புகள் சோதிக்கப்பட்டது சுமார் 5,000 பவுண்டு பிக்கப்பை வைத்து.

ஹம்மர் நண்டு மாதிரி குறுக்காக நகரும் என்று வீடியோ எடுத்துப் போடுகிறார்கள். அவ்வளவு எடையில் ஒரு வண்டியைச் செய்துவிட்டு அது பக்கவாட்டில் நடந்தால் என்ன, நேராக நடந்தால் என்ன.

மே 10

"நீளமான பலகைக்கு வழி என்ன?" என்ற தச்சு வேலை நண்பருக்கு: செவ்ரோலேயின் மின்சார பிக்கப் சில்வராடோ இவி-யின் நடுக்கதவைப் பாருங்கள். கேபினின் பின்சுவரையே மடக்கிவிடலாம், பின்கதவையும் திறந்தால் பத்தடி பத்து அங்குலம். 2001-ல் அதே கம்பெனியின் அவலாஞ்ச் பிக்கப்பில் வந்த பழைய யோசனைதான். எல்லா மாடலிலும் கிடையாது, வேலைக்கென்று விற்கிற மலிவு மாடலில்தான் இல்லை! பலகை ஏற்றுகிறவருக்குத் தராமல் கால்ஃப் போகிறவருக்குத் தந்திருக்கிறார்கள்.

இதே யோசனையை டெலோ என்ற சின்ன கம்பெனி வேறு மாதிரி பண்ணுகிறது. மூக்கையே வெட்டிவிட்டார்கள். மினி கூப்பர் நீளம்தான், 152 அங்குலம். நாலு கதவு, ஐந்தடிப் பெட்டி, நடுக்கதவு. ஏப்ரல் 13-ல் கேட்ட மூக்குக் கேள்விக்கு நேர்பதில் இது. விற்பனைக்கு வந்து, மோதல் சோதனையில் தேறிவிட்டால் நானே கைதட்டுகிறேன்.

சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் வைத்து பிக்கப் செய்த லார்ட்ஸ்டவுன் கம்பெனியை மறந்தீர்களா என்று ஒருவர் கேட்கிறார். மறக்கவில்லை. சக்கரம் கனத்தால் ஸ்பிரிங் அதை ரோட்டோடு அழுத்தி வைக்கத் திணறும், ஒவ்வொரு பள்ளமும் மோட்டாருக்கே நேராகப் போகும். 2023 ஜூனில் கம்பெனி திவால். அதற்கு மோட்டார் மட்டும் காரணமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜூலை 7

ஸ்லேட்டுக்கு முன்பதிவு செய்த தம்பிகள் கவனத்துக்கு: வெள்ளிக்கிழமை கையெழுத்தான சட்டத்தில் 7,500 வரிச்சலுகை செப்டம்பர் 30-ஓடு முடிகிறது. "20,000-க்குள்" என்பது போச்சு. கையால் கண்ணாடி சுற்றுவதில் இருந்த ருசி இருபத்தைந்தாயிரத்தில் இருக்குமா என்று வாங்கினவர்தான் சொல்ல வேண்டும்.

டிசம்பர் 17

இந்த இழையை மறந்தே போயிருந்தேன், தம்பி தோண்டி எடுத்துவிட்டார்: "அண்ணா, உங்கள் வண்டியையே நிறுத்திவிட்டார்களே!"

ஆமாம், முந்தாநாள் போர்டு அறிவித்துவிட்டது. முழு மின்சார லைட்னிங் இனி இல்லை. அடுத்தது பெட்ரோல் ஜெனரேட்டர் வைத்து பேட்டரிக்கு ஊட்டுகிற வகை. டிரெய்லர் இழுத்தால் மைலேஜ் பாதியாகக் குறைகிறது என்ற பழைய புகாருக்கு அதுதான் அவர்கள் கண்ட வழி. ஜெனரேட்டர் எங்கே உட்காரும் என்று சொல்லவில்லை. முன்டிக்கியில்தான் என்பது என் ஊகம். எட்டு மாதம் முன்பு காலி மூக்கு என்று திட்டினேன், நிரப்பப் போகிறார்கள்.

தம்பி இன்னும் டெஸ்லா கட்சியில்தான் இருக்கிறார். பக்கவாட்டில் கை எட்டாததைப் பற்றி இதுவரை வாய் திறக்கவில்லை. ஒரு மண் மூட்டை அனுப்பி வைக்கட்டுமா?

விற்கப் போகிறாயா என்று கேட்ட மற்றவர்களுக்கு: இல்லை. பிளக் பாயிண்ட் இருக்கிறவரை ஓடும்.

முன்டிக்கியில் ஐஸ் கொட்டலாமா என்று கேட்ட சான் அன்டோனியோ அக்காவுக்கு: தாராளமாக. அடியில் தண்ணீர் வடிய அடைப்பான் இருக்கிறது, கழற்றிவிட்டால் போதும். வீட்டுக்கு வந்ததும் திருப்பி மாட்டுங்கள். பொங்கல் பிக்னிக்குக்கு இளநீரும் மோரும் நான் கொண்டுவருகிறேன், ஐஸ் உங்கள் பொறுப்பு.